உள்ளே வந்த தண்ணீர்

முப்பத்திரண்டாவது வாளியையும் ஊற்றிவிட்டு டேங்க்காரர் முதுகை நிமிர்த்தினார். வண்டியின் வயிற்றுக்குள் தண்ணீர் அச்சுத்தண்டுகளை மூழ்கடித்து, எஞ்சின் உட்கார்ந்திருக்கும் பலகைக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. வாளியைக் கவிழ்த்து வைத்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, செங்கல் அடுக்குகளின் மேல் ஏற்றி வைத்திருந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார்.

"என்ன மாப்ள, வருதா?" வெளியே குந்தியிருந்த மச்சான் கேட்டார்.

"பேசாதீங்க மச்சான். சொட்டுற சத்தம் கேக்கணும்."

"எனக்குக் கொசு சத்தம்தான் கேக்குது."

அரை மணி நேரம் ஆயிற்று. அடிவயிறு முழுக்க விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஆறு தண்டு, ஆறு ஓட்டை, அறுபத்துச் சொச்சம் திருகாணி. விரல் ஈரமாகவில்லை. வெளியே ஊர்ந்து வந்து, சட்டை முதுகெல்லாம் மண்ணோடு எழுந்து நின்றார்.

"ஒரு சொட்டு இல்ல. இதுக்கு மேல தண்ணிய நிறுத்தணும்னா அணைதான் கட்டணும்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க" என்றாள், வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி. தெருவுக்கு அவள் நர்ஸம்மா.

போன வாரமும் சொன்னார், அதற்கு முந்தைய வாரமும் சொன்னார். முற்றத்தில் சொட்டுக்கூட விடாத வண்டி, ஏரியில் இறங்கிய பத்து நிமிடத்தில் கணுக்கால் வரை தண்ணீர் குடித்துவிடுகிறது. இதுதான் மூன்று வாரமாக அந்த வீட்டின் பிரச்சினை.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். தரையிலும் ஓடும், தண்ணீரிலும் ஓடும். பெரிய குளியல் தொட்டி ஒன்றுக்குப் பக்கத்துக்கு மூன்றாக ஆறு குண்டுச் சக்கரங்கள் மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். தொட்டி முழுக்கத் தடித்த பிளாஸ்டிக். தண்ணீரில் இறங்கினால் துடுப்பு கிடையாது, சக்கரத்தின் முரட்டுப் பட்டைகளே தண்ணீரைத் தள்ளும். எஞ்சின் உள்ளே, சக்கரம் வெளியே. ஆகவே சக்கரத்தைச் சுழற்றும் தண்டு தொட்டியின் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். ஆறு சக்கரத்துக்கு ஆறு ஓட்டை. ஓட்டை போட்டே செய்த படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் தண்டைத் தாங்க ஒரு பேரிங், தண்ணீரைத் தடுக்க ஒரு ஆயில் சீல். சீல் என்பது ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அதன் உள்விளிம்பு உதடு மாதிரி மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுழலும் தண்டை மெல்லக் கவ்விக்கொண்டிருக்கும்.

மச்சான் பொக்லைன் ஓட்டுபவர். மூடிக் கிடந்த ஒரு உல்லாச விடுதியை இடிக்கப் போனவர், புதருக்குள் இந்த வண்டியைப் பார்த்து, பேசி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தங்கையின் வாசலில் இறக்கினார். அடியில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். டேங்க்காரருக்கு அது ஒரு வேலையே இல்லை. வீட்டு மாடிகளில் நிற்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகளை ஒட்டுவதுதான் அவர் பிழைப்பு. விரிசலின் இரண்டு முனையிலும் சிறு துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, ஓரங்களைச் சீவி, சூடு காட்டி, அதே ஜாதிப் பிளாஸ்டிக் பட்டையை உருக்கி உள்ளே இறக்கினார். ஆறிய பிறகு நகத்தால் தடவினால் தழும்புகூடத் தட்டுப்படாது.

ஒட்டி முடித்ததும் வழக்கம்போல உள்ளே தண்ணீர் ஊற்றினார். ஊற்று, காத்திரு, அடியில் போய்ப் பார். இருபது வருடமாக அவர் செய்துவரும் சோதனை. விரிசலில் சொட்டவில்லை. ஆனால் ஆறு தண்டுகளின் ஓரத்திலும் சொட்டியது. சீல் போய்விட்டது என்று ஆறு புது சீல் வாங்கி, பழையது இருந்த மாதிரியே மாட்டினார். மறுபடி ஊற்றினார். மறுபடி சொட்டியது. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, ஒன்றைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பார்த்தார். நின்றுவிட்டது.

"கம்பெனிக்காரன் தூக்கத்துல மாட்டியிருக்கான் மச்சான்!" என்று அன்று தெருவே கேட்கக் கத்தினார். "ஆறையும் தலைகீழா மாட்டி அனுப்பியிருக்கான். படிச்சவன் செய்யிற வேலையா இது?" ஆறையும் திருப்பினார். அன்றிலிருந்து முற்றத்தில் ஒரு சொட்டு இல்லை.

ஏரியில்தான் தண்ணீர் வந்தது. சரி, திருகாணி வழியாக வருகிறது என்று ஒவ்வொன்றையும் கழற்றிப் பசை வைத்தார். அடுத்து விளக்குக்குப் போகும் ஒயர் துவாரம். அடுத்து மேல்மூடி சேரும் விளிம்பு. ஒவ்வொரு முறையும் முற்றத்தில் வெற்றி, ஏரியில் தோல்வி.

ஏரிக்கு நடுவே ஒரு மேடு இருந்தது. நாற்பது வீடு. மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடிந்தால் கரையிலிருந்து கால் மைல் சேறு, பிறகு ஒரு ஆழமான வாய்க்கால், பிறகு மறுபடி சேறு. சேற்றில் படகு ஓடாது, வாய்க்காலில் ஜீப் ஓடாது. மேட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது நர்ஸின் பொறுப்பு. இரண்டு புதன்கிழமை மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பி, நடு வாய்க்காலில் திரும்பி வந்தாள். பதினொரு குழந்தைகள் பாக்கி. வெள்ளிக்கிழமை மேலதிகாரி அம்மா போனில் கூப்பிட்டார்.

"இந்தப் புதனும் நீ போகலேன்னா மேட்ட எதிர்க்கரை ஆஸ்பத்திரிக்கு மாத்திடுவேன். உனக்கு இங்க வேலை இருக்காது. டவுன் ஆஸ்பத்திரில ஒரு இடம் காலியா இருக்கு, குவார்ட்டர்ஸ் தருவாங்க. வியாழக்கிழமை சேந்துடு."

டவுன் என்றால் ஒரு ராத்திரிப் பயணம். கல்யாணமாகி எட்டு வருடத்தில் ஆறு வருடம் அவள் ஒரு ஊர், இவர் ஒரு ஊர். லீவுக்கு வந்தால் அவளுடைய பிரஷ்ஷை சோப்புப் பெட்டியில் வைத்திருப்பாள், எடுத்துக்கொண்டு போக வசதியாக. இந்த இரண்டு வருடமாகத்தான் அது கண்ணாடிக்குக் கீழே, அவருடைய பிரஷ் நிற்கும் அதே டம்ளரில் நிற்கிறது.

முப்பத்திரண்டு வாளி ஊற்றிப் பார்த்த மறுநாள், ஞாயிறு மத்தியானம் சோறும் முட்டையும் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் ஏரிக்குப் போனார்கள். வானம் அழுக்குத் துணி மாதிரி தொங்கியது, காற்றே இல்லை. சேற்றில் வண்டி எருமை மாதிரி நிதானமாக நடந்தது. வாய்க்காலில் மூக்கை நுழைத்து, ஆடி, மிதந்தது.

நர்ஸ் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் மடக்கிக்கொண்டாள்.

"அபசகுனமா காலத் தூக்காத" என்றார் டேங்க்காரர்.

"சகுனமில்லங்க. அனுபவம்."

"அதெல்லாம் இன்னைக்கு வராது."

"வருது மாப்ள" என்றார் பின்னால் இருந்த மச்சான்.

வந்துவிட்டது. எங்கிருந்து என்று தெரியாமல், சத்தமில்லாமல், தரையில் பளபளவென்று பரவியது. டேங்க்காரர் ஸ்டியரிங் கம்பியை விட்டுவிட்டுக் குனிந்து கையால் துழாவினார். வண்டி தன்பாட்டுக்கு ஒரு வட்டம் போட்டது.

"கம்பியப் பிடிங்க! நான் மொண்டு ஊத்துறேன்!"

"எங்கிருந்து மச்சான் வருது? அதச் சொல்லுங்க மொதல்ல!"

"ஏரியிலருந்து!"

கரைக்கு வந்ததும் பின்பக்கத்து வடிகால் மூடியைத் திறந்துவிடுவது வழக்கம். அன்று இருந்த கோபத்தில் ஸ்பேனரை மூன்று முறை வழுக்கவிட்டு மூடியின் மூலையெல்லாம் மழுங்கடித்துவிட்டார். திறக்க வரவில்லை. சக்கரத்தை ஒரு உதை உதைத்தார். கால்தான் வலித்தது. தண்ணீரோடேயே வீட்டுக்கு ஓட்டிவந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டிக்குள் அலையடித்தது.

எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "ஏரிய வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா? இதுவும் நல்ல யோசனைதான். இனிமே அங்க போக வேண்டியதில்ல."

டேங்க்காரர் வண்டியைச் செங்கல்மேல் ஏற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை யார் வீட்டு மாடியிலோ தொட்டி ஒட்டப் போனார். திரும்பி வந்தும் வண்டிப் பக்கம் போகவில்லை. நர்ஸ் அலமாரியிலிருந்து பையை எடுத்து உதறினாள். அவள் சேலை மடிக்கும் சத்தம் பக்கத்து அறையில் அவருக்குக் கேட்டது.

"இப்பவே எதுக்கு எடுத்து வைக்கிற?"

"கடைசி நேரத்துல எடுத்தா ஏதாவது ஒண்ணு மறந்துபோகும்."

"புதன்கிழமை இன்னும் வரல."

"வண்டியப் பாத்தீங்களா இன்னைக்கு?"

"அதப் பத்திப் பேசாத."

"யாரு பேசினா? நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன்."

டீ ஆறி ஏடு படிந்தது. இரண்டு பேருமே குடிக்கவில்லை.

செவ்வாய் மதியம் நர்ஸ் வேலையிலிருந்து திரும்பி, செருப்பைக் கழற்றாமல் நேராக வண்டியிடம் போய் உள்ளே குனிந்து பார்த்தாள்.

"என்னங்க! இங்க வாங்க. சீக்கிரம்!"

டேங்க்காரர் பதறிக்கொண்டு வந்தார். கூடவே, சாப்பிட வந்திருந்த மச்சானும் எச்சில் கையோடு வந்தார்.

"காலைலருந்து வீடு வீடா போய் 'தேங்கின தண்ணியக் கொட்டுங்க, கொசு முட்ட வைக்கும்'னு தொண்ட கிழியக் கத்திட்டு வர்றேன். என் வீட்டு வாசல்ல பாருங்க, புழு நெளியுது. நாளைக்கு எவளாவது பாத்தா என் மூஞ்சிலதான் கேப்பா."

"வாளிய எடுத்துட்டு வர்றேன்" என்று திரும்பினார் டேங்க்காரர்.

"இருங்க. ஞாயித்துக்கெழமை வந்து நிறுத்தினப்ப தண்ணி எது வரைக்கும் இருந்துச்சு?"

"இந்தா, தண்டுக்கு மேல இருக்குற இந்தத் திருகாணி வரைக்கும். எதுக்கு?"

"இப்ப?"

அவர் பார்த்தார். அதே திருகாணி. தண்ணீர் விளிம்பு அதன் தலையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"பத்து நிமிஷத்துல உள்ள வந்துச்சு" என்றாள் அவள். "ரெண்டு நாளா வெளிய போகத் தெரியாம நிக்குது. வந்த வழி ஒண்ணு இருக்கும்ல? அது வழியாவே திரும்பிப் போகலாம்ல?"

"எப்படிப் போகும்? நான்தான் உள்ளருந்து ஒரு சொட்டு வெளிய போகாம..." டேங்க்காரர் அங்கேயே நிறுத்தினார்.

வாய் திறந்தபடி இருந்தது. தையல் மெஷின் ஓடும் சத்தம் தெருவைத் தாண்டி வந்தது. அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். பெயின்ட் டப்பாவில் போட்டுவைத்திருந்த பழைய சீல்களில் ஒன்றையும், தண்டின் பருமனுள்ள ஒரு குழாய்த் துண்டையும், சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்தார். சீலைக் குழாயில் பாதி வரை ஏற்றினார். உதடு சாய்ந்த பக்கத்தை மேலே வைத்துத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் வளையத்துக்குள் கிண்ணத்தில் நிற்பதுபோல் நின்றது. கவிழ்த்துப் பிடித்து மறுபக்கம் ஊற்றினார். உதடு விலகி, தண்ணீர் குழாயோடு வழிந்து முழங்கை வரை ஓடியது.

குடையை நினைத்துக்கொண்டால் போதும். மேலிருந்து அடிக்கும் காற்று குடையை இன்னும் இறுக்கித் தலையோடு சேர்த்து அமுக்கும். அதே காற்று அடியில் நுழைந்தால் குடை மடங்கிப் போகும். சீலின் உதடும் அப்படித்தான். சாய்ந்திருக்கும் பக்கத்திலிருந்து தண்ணீர் அமுக்க அமுக்க உதடு தண்டை இறுக்கும். முதுகுப் பக்கமிருந்து வந்தால் தண்ணீரே அதைத் தூக்கிவிட்டு வழி பண்ணிக்கொள்ளும். ஒரு பக்கத்துக்குத்தான் அது காவல். ஏரி வெளியே இருக்கிறது. ஆகவே உதடு வெளியே பார்க்க வேண்டும். ஆறும் முதலில் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தன. தொட்டிக்குத் தண்ணீர் உள்ளேதான் இருக்கும் என்று இருபது வருடம் பழகிய கை, ஆறையும் உள்ளே திருப்பி வைத்திருந்தது.

"அப்போ கம்பெனிக்காரன் சரியாத்தான் மாட்டியிருக்கானா?" என்றார் மச்சான்.

டேங்க்காரர் கையிலிருந்த சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இல்ல மாப்ள, அன்னைக்கு அவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டினீங்களே, அதான் கேட்டேன்."

"அண்ணே, நீ போய்க் கையக் கழுவு" என்றாள் நர்ஸ்.

டேங்க்காரர் செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டார். "அந்த விரிசல் மட்டும்தான் இருந்திருக்கு. அத ஒட்டின அன்னைக்கே வண்டி சரியாயிருச்சு. மூணு வாரமா ஒழுகலை உண்டாக்கினதே நான்தான். நல்லா இருந்தத நானே... ரெண்டு புதன்கிழமை..." சீலைத் தூக்கி எறியப் போனார். அவள் கையைப் பிடித்து அதை வாங்கிக்கொண்டாள்.

"திட்டுறதா இருந்தா நாளைக்கு உக்காந்து திட்டிக்குவோம், நானும் சேந்துக்குறேன். இப்ப மணி மூணு. ஆறு சக்கரம் இருக்கு."

மச்சான் சக்கரங்களைக் கழற்றினார். டேங்க்காரர் முதல் பேரிங் தட்டின் திருகாணிகளைத் தளர்த்தி நெம்பியதும், இரண்டு நாள் தண்ணீர் புழுவோடு அவர் மார்பில் கொட்டியது. யாரும் சிரிக்கவில்லை. மச்சான் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சீலை வெளியே எடுப்பது பொறுமைக்கான வேலை. திருப்புளியால் குத்தினால் கிழிந்துவிடும். பின்பக்கமிருந்து மரக்குச்சியை வைத்து, சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்ட வேண்டும். மூன்று நன்றாக வந்தன. நான்காவதில் அவசரப்பட்டார். உதடு கிழிந்தது.

"போச்சு!" சுத்தியலைக் கீழே போட்டார். "கடை அடைச்சிருப்பான் இந்நேரம். போச்சு, எல்லாம் போச்சு."

"இது எதுக்கு ஆகாது?" நர்ஸ் தன் கையில் இருந்த பழைய சீலை நீட்டினாள். "இதுல என்ன குத்தம் இருந்துச்சுன்னு தூக்கிப் போட்டீங்க?"

வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். ஒரு குற்றமும் இல்லை.  துடைத்து, கிரீஸ் தடவி, உதடு வெளியே பார்க்க வைத்துத் தட்டினார். மழுங்கிய வடிகால் மூடியையும் அரத்தால் ராவிச் சரிசெய்தார். வெளிச்சம் மங்குவதற்குள் ஆறு சக்கரமும் ஏறிவிட்டன.

அவர் கை தன்னால் வாளிக்குப் போனது.

"மாப்ள, எதுக்கு?"

"ஒரு தடவ ஊத்திப் பாத்துடலாம்."

"ஊத்தினா ஒழுகுமே!"

"ஒழுகுதான்னு பாக்கணும்."

இருபது வாளி ஊற்றினார். ஆறு தண்டிலும் டக் டக்கென்று சொட்ட ஆரம்பித்தது. டேங்க்காரர் அடியில் படுத்துக்கொண்டு பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. மூக்குக்கு நேரே சொட்டிய ஓட்டையை ஆள்காட்டி விரலால் அடைத்துக்கொண்டார்.

"கைய எடுங்க" என்றாள் நர்ஸ், குனிந்து பார்த்து.

"ஒழுகுது."

"ஒழுகட்டுங்க. வெளிய வந்து சாப்பிடுங்க."

விரலை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

புதன்கிழமை காலை சேலைகள் கட்டிலில் குவிந்து கிடந்தன. அவற்றை வைத்திருந்த பையில் இப்போது ஊசிப் பதிவேடுகள் இருந்தன. பையை மச்சான் பின்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டார். மருந்துப் பெட்டியை நர்ஸ் வைத்துக்கொண்டாள். சேற்றைத் தாண்டினார்கள். வாய்க்காலில் வண்டி மூக்கை நுழைத்ததும் அவள் செருப்பைக் கழற்றினாள், காலைத் தூக்கி மடக்கிக்கொண்டாள். இந்தமுறை டேங்க்காரர் சகுனம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் பார்த்தபடி கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். வண்டி ஓட்டுபவர் மாதிரி இல்லை, பல் பிடுங்க உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

கால்வாசி வந்தது. பாதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வட்டம் போட்ட இடமும் போனது.

"அண்ணே, பின்னால?"

"காஞ்சு கெடக்கு."

"நல்லாப் பாரு."

"தொட்டே பாத்துட்டேன். தூசிதான் இருக்கு."

நர்ஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முதலில் ஒரு காலை இறக்கினாள். பெருவிரல் தரையைத் தொட்டது. பிறகு பாதம். பிறகு அடுத்த கால்.

மேட்டுக் கரையில் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் நிற்பது தெரிந்தது. ஒரு குழந்தை வண்டியைப் பார்த்து வீறிட்டது, ஊசிக்கு முன்பே.

சக்கரங்கள் மறுகரைச் சேற்றைத் தொட்டதும் டேங்க்காரர் முதல்முறையாகத் திரும்பினார். பார்வை நேரே தரைக்குப் போனது. அவள் காலடியில், உள்ளங்கை அகலத்துக்கு, தண்ணீர்.

எஞ்சினை நிறுத்தினார். 

"எங்கிருந்து வருது?" மண்டியிட்டுக் குனிந்தார், விரலால் தொட்டார், தண்டு வரை தடவிப் போனார். "இது எங்கிருந்து வருது? இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே! மச்சான், டார்ச்சக் குடுங்க!"

நர்ஸ் மருந்துப் பெட்டியைத் தூக்கினாள். உள்ளே ஐஸ் நிறைந்த பெட்டியின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு சொட்டு அவர் புறங்கையில் விழுந்தது.

"பெட்டி வேர்க்குதுங்க" என்றாள். "இதையும் ஒட்டப்போறீங்களா?"

பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் சேற்றில் இறங்கினாள். டேங்க்காரர் மண்டியிட்டபடியே இருந்தார். பிறகு தோள் துண்டை எடுத்து அந்த இடத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டு, மறுபடி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.